அடீனியம்: விதையா, கட்டிங்கா, ஒட்டுச்செடியா?

பாலைவன ரோஜா என்று சொல்லப்படும் அடீனியம் பூச்செடியை வளர்க்கலாம் என்று முடிவெடுத்ததுமே அடுத்த கேள்வி வந்துவிடும். விதை போட்டு வளர்ப்பதா, தெரிந்தவர்களிடம் ஒரு கிளை வாங்கி நடுவதா, பூத்து நிற்கும் ஒட்டுச்செடியாகவே வாங்கிவிடுவதா? எல்லாம் ஒரே செடிதானே, எது சுலபமோ அதைச் செய்வோம் என்று தோன்றும். ஆனால் நான்கைந்து வருடம் கழித்து இந்த மூன்று வழியிலும் வந்த செடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஒன்றில் அடி பெருத்து, வேர்கள் முறுக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே நிற்கும். இன்னொன்று நீளமான குச்சிகளில் பூத்திருக்கும். மூன்றாவதில் அடுக்கடுக்கான பூ, அதோடு கழுத்தில் ஓர் ஒட்டுத் தழும்பு. ஆரம்பத்தில் எடுத்த முடிவு கடைசிவரை செடியில் தெரியும் என்பதால், கொஞ்சம் யோசித்தே எடுக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக வளர்ப்பவர், ஒரு வருடம் பொறுக்க முடியும் என்றால், விதையில்தான் தொடங்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பூவின் மேல் மனசு வைத்தவர்களுக்கு ஒட்டுச்செடி. கட்டிங்கை ஓரிரு சந்தர்ப்பங்களில் மட்டும்தான் சிபாரிசு செய்வேன்.

எதைத் தாங்கும், எதைத் தாங்காது

அரளி, நித்திய கல்யாணி, ஈழத்தலரி எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி இது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே செனகலில் தொடங்கி கிழக்கே கென்யா, சோமாலியா வரையிலும், செங்கடலைத் தாண்டி அரேபியத் தீபகற்பத்திலும் பாறை இடுக்குகளில் தானாக வளர்கிறது. ஏமனுக்குப் போன இயற்கையியலாளர் பெட்டர் ஃபோர்ஸ்கால் இதைப் பதிவு செய்தார். அவர் 1763இல் ஏமனிலேயே இறந்துபோக, அவருடைய குறிப்புகள் 1775இல் அச்சாயின. அதில் அவர் இதை அரளியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். அடீனியம் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தது 1819இல்தான்.

பிறந்த இடத்தைப் பார்த்தாலே இதன் குணம் புரிந்துவிடும். கொளுத்தும் வெயில், மாதக்கணக்கில் மழையின்மை, சத்தில்லாத மண் எல்லாவற்றையும் தாங்கும். தாங்காதவை இரண்டு: குளிரும், காலடியில் தேங்கும் ஈரமும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செடி சுணங்கி இலையை உதிர்க்கும். உறைபனி பட்டால் செத்துவிடும். ஆக, குளிர்காலம் கடுமையாக உள்ள இடத்தில் தொட்டியில் வைத்து அந்தச் சில மாதங்கள் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். வெயில் ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். இந்த இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பலன் ஒன்றுதான்: பூ வராது.

அடி எங்கிருந்து பருக்கிறது

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக எடுபட்டுவிடும்.

விதை முளைத்து வரும்போது முதலில் தெரிவது இரண்டு வித்திலைகள். அந்த வித்திலைகளுக்குக் கீழே, வேருக்கு மேலே, ஒரு சின்னத் தண்டுப் பகுதி இருக்கும். பெரும்பாலான செடிகளில் இது வெறும் இணைப்புத்தான். கொஞ்ச நாளில் எங்கே இருந்தது என்றே தெரியாது. அடீனியத்தில் அந்தப் பகுதிதான் தண்ணீர்த் தொட்டி. முளைத்த ஒரு வாரத்திலேயே அது கீழே உருண்டும் மேலே குறுகியும் ஒரு சின்னப் பச்சைப் பாட்டிலைப் போல நிற்பதைப் பார்க்கலாம். வளர்ப்பவர்கள் காடெக்ஸ் என்று சொல்லும் அந்தப் பருத்த அடி, இந்தப் பகுதியும் அதன் கீழே இறங்கும் ஆணிவேரும் சேர்ந்து வீங்கி உண்டாவதுதான்.

இனி ஒரு கிளையை வெட்டி நட்டால் என்ன நடக்கும்? அந்தக் கிளையில் வித்திலையும் இல்லை, அதன் கீழ்த்தண்டும் இல்லை, ஆணிவேரும் இல்லை. வெட்டுவாயைச் சுற்றிப் பக்கவேர்கள் கிளம்பும். அவற்றில் சில வருடக்கணக்கில் கொஞ்சம் பருக்கலாம், தண்டும் முதிர்ந்து தடிக்கலாம். ஆனால் விதைச்செடிக்கு இயல்பாக வரும் உருண்டை அடி அதற்கு வருவது அபூர்வம். கூடுதல் உரம் போட்டாலும், தொட்டியை மாற்றினாலும் இது மாறாது.

ஒட்டுச்செடியின் கதை வேறு. அதன் கீழ்ப்பாதி விதையில் வளர்ந்த வேர்ச்செடி. மேலே கட்டியிருப்பது நல்ல பூவுள்ள தாய்ச்செடியின் குச்சி. அடி விதையிலிருந்து, பூ தாய்ச்செடியிலிருந்து. அப்படியானால் எல்லோரும் ஒட்டுச்செடியே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன்.

விதை வழி

விதையில் வரும் முதல் சிக்கல் பூ. அடீனியம் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. காய் பிடிக்க வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு கலப்புத்தான். கருஞ்சிவப்பு அடுக்குப்பூச் செடியில் காய்த்த விதை அதே பூவைத் தரும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஒரே நெற்றில் இருந்து எடுத்த விதைகளிலும் ஒன்று வெளிர் இளஞ்சிவப்பாகவும், ஒன்று ஓரம் மட்டும் சிவந்தும், ஒன்று நடுவில் கோடு விழுந்தும் பூக்கும். அடுக்குப்பூத் தாயாக இருந்தால் சில செடிகளில் அடுக்கு வரலாம், மீதி ஒற்றை அடுக்காகத்தான் இருக்கும். எனக்கு இதுதான் விதையின் பெரிய சந்தோஷம். வேறு யாரிடமும் இல்லாத ஒரு பூ நம் தொட்டியில் முதன்முறையாக விரியும். இந்த நிச்சயமின்மை பிடிக்காதவர்களுக்கு விதை வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடலாம்.

இதனாலேயே விதை வாங்கும்போது படத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. விதைப் பாக்கெட்டில் இருக்கும் படம் தாயின் பூவாக இருந்தால் நல்லது. பல நேரம் அதுகூட இல்லை. நீலநிற அடீனியம் என்று விற்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அடீனியத்தில் நீலம் கிடையாது. அது படத்தில் ஏற்றிய நிறம்.

பூவைவிட்டு அடியைப் பார்த்து விதை வாங்குவது புத்திசாலித்தனம். அரபிக்கம் வகையில் அடி அகலமாகப் பரவும், கிளைகள் தாழ்விலிருந்தே பல கிளம்பும், இலை பெரிதாக இருக்கும். பூ சற்றுச் சிறியது, பெரும்பாலும் இளஞ்சிவப்பு. ஒபீசம் என்ற இன்னொரு வகையின் கலப்பினங்களில் பூவில் வகை அதிகம், வளர்ச்சி வேகம், அடி சுமாரிலிருந்து நன்று வரை. சொகோத்ரானம் என்பது ஏமனைச் சேர்ந்த சொகோத்ரா தீவுக்கே உரியது, அங்கே மரமாகவே பருத்து நிற்கும். ஆனால் அந்தப் பெயரில் தாய்லாந்திலிருந்து வரும் விதைகளில் பெரும்பாலானவை அரபிக்கத்துக்கு நெருங்கிய தாய்லாந்துத் தேர்வுகள். செடி அழகாகத்தான் இருக்கும், பூக்கத்தான் வருடங்கள் ஆகும். முதல்முறை போடுகிறவர்கள் பாதி அரபிக்கம், பாதி ஒபீசம் கலப்பினம் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றில் அடியும் மற்றொன்றில் பூவும் சீக்கிரம் கண்ணில் படும்.

விதை புதிதாக இருக்க வேண்டும். அறுவடையாகிச் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் இறங்க ஆரம்பிக்கும். நல்ல விதை பழுப்பு நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளச் சிறு குழாய் மாதிரி இருக்கும். விரல் நுனியில் லேசாக அழுத்தினால் கெட்டியாகத் தெரியும். அழுத்தியதும் நசுங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொரு விதையின் இரண்டு முனையிலும் பட்டுக்குஞ்சம் இருக்கும். காற்றில் பறந்து போவதற்கான ஏற்பாடு அது. வீட்டிலேயே காய் பிடித்திருந்தால், இரண்டு கொம்பாக நீளும் அந்த நெற்று பழுப்பாகத் தொடங்கும்போதே வலைத்துணியால் சுற்றியோ நூலால் அங்கங்கே கட்டியோ வைத்துவிட வேண்டும். வெடித்தபின் பார்த்தால் குஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

விதைக்கும் முறை சிக்கலானது இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, பாதி தென்னைநார்க் கழிவு, பாதி பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) அல்லது கழுவிய பருமணல் கலந்த கலவையில் விதையைப் படுக்கவைத்து, மெல்லிசாக மூடினால் போதும். குத்திவைக்க வேண்டாம், படுத்த விதை எந்தப் பக்கம் வேர் விட வேண்டுமோ அந்தப் பக்கம் விடும். வெப்பம் 27 முதல் 32 டிகிரி வரை இருந்தால் புது விதை மூன்றாம் நாளிலிருந்தே தலைதூக்கும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை வந்துவிடும். அதனால் குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கும் பருவமே விதைக்க ஏற்றது: முளைக்கவும் வெப்பம் இருக்கும், அடுத்த குளிருக்குள் அடி ஓரளவு தேறியும் விடும்.

சாவது இந்த முதல் மூன்று வாரங்களில்தான். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் மண்ணோடு சேரும் இடத்தில் நீர்கோத்து, நிறம் மாறி, சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் இது. ஒன்றில் வந்தால் பக்கத்து நாற்றுக்கும் போகும். முளை வந்ததும் மேலே மூடியிருந்த பாலிதீனை எடுத்துவிடுவது, காற்றோட்டம் கொடுப்பது, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவது, அதையும் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சவிடுவது, இவற்றைச் செய்தால் பெரும்பகுதி தப்பிவிடும். விதைக்கும்போதே கலவையைப் புதிதாக எடுத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். வேறு செடி இருந்த பழைய மண்ணை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சாய்ந்த நாற்றை உடனே எடுத்துவிட்டு, மீதிக்குப் பூஞ்சைக்கொல்லி ஒருமுறை தெளிக்கலாம்.

சில நாற்றுகளில் விதையுறை கழலாமல் வித்திலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிய்த்து இழுக்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டால் அடுத்த நாள் தானாக விலகும்.

நிஜ இலைகள் நான்கைந்து வந்ததும் தனித்தனிச் சிறு தொட்டிக்கு மாற்றி, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நல்ல வெயிலும் வெப்பமும் இருந்தால் 8 முதல் 12 மாதத்தில் முதல் பூ வந்துவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதற்குள் அடி விரல் பருமனைத் தாண்டி ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும்.

வடிவத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் விதைச்செடியின் தனிச்சலுகை. நாற்று சில மாத வயதில் இருக்கும்போது எடுத்து, ஆணிவேரின் நுனியைச் சுத்தமான பிளேடால் வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவைத்துத் திரும்ப நட்டால் வேர்கள் கீழே ஓடாமல் சுற்றிலும் விரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் செடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி நட, தடித்த வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும். ஒரு எச்சரிக்கை: மண்ணுக்குள் இருந்த பகுதியின் தோல் மெல்லியது, முதல் நாளே உச்சிவெயிலில் வைத்தால் வெந்துவிடும். வெயில் அதிகம் படும் பக்கத்தைக் குறித்துவைத்து அதே பக்கம் திருப்பிவைப்பதும், சில நாள் நிழல் கொடுப்பதும் நல்லது. வாயகன்ற, ஆழம் குறைந்த தொட்டி இந்த வேலைக்குப் பொருத்தம்.

கட்டிங் வழி

தாய்ச்செடியின் பூ அப்படியே வரும், செலவில்லை, பூ சீக்கிரம். இவை கட்டிங்கின் நன்மைகள். முதிர்ந்த கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, பால் வடிவதைத் துடைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை, அதாவது ஒரு வாரம் போல, நிழலில் வைத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த மணல் கலவையில் நட வேண்டும். வேர் வரச் சில வாரங்கள் ஆகும். காயவைக்காமல் அன்றே நடுவதுதான் பலர் செய்வது. உள்ளே தண்ணீர் நிறைந்த தண்டு, திறந்த காயத்தோடு ஈரமண்ணில் அழுகத்தான் செய்யும்.

அடி வராது என்பதை ஏற்கெனவே சொன்னேன். அதைவிட நடைமுறையில் படுத்துவது இன்னொன்று. தண்ணீர் சேமிக்கும் அடி இல்லாததால், விதைச்செடி அலட்சியமாகத் தாண்டும் நீண்ட வறட்சியில் கட்டிங் செடி துவளும். ஊன்றிப் பிடிக்கும் ஆணிவேர் இல்லாததால் காற்றுக்கு ஆடும். கடினமான செடி வேண்டும் என்று அடீனியத்தைத் தேடி வந்தவருக்கு, அந்தக் கடினத்தைக் கொடுக்கும் உறுப்பே இல்லாத செடி கிடைக்கிறது.

எப்போது கட்டிங் சரி? அடி அழுகிப்போன செடியின் மேல்பாகத்தையாவது காப்பாற்ற வேண்டிய நிலையில். கவாத்துச் செய்த கிளைகளைத் தூக்கிப்போட மனமில்லாதபோது. தொட்டி வேண்டாம், நிலத்தில் ஒரு பூவேலி வேண்டும் என்பவர்களுக்கு. மற்றபடி, நண்பர் ஆசையாகக் கிளை கொடுத்தால் அதை நடுவதைவிட ஒட்டுக்கட்டப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல்.

ஒட்டுச்செடி

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். அடியும் இருக்கிறது, பூவும் உறுதி, வாங்கும்போதே பூத்திருக்கிறது. பிறகு ஏன் முதல் சிபாரிசு இதுவாக இல்லை?

காரணம், பெரும்பாலான ஒட்டுச்செடிகள் பூவை மனத்தில் வைத்து மொத்தமாகத் தயாராகின்றன. வேர்ச்செடியை ஒரே உயரத்தில் வெட்டி, இரண்டு மூன்று குச்சிகளை நட்டுவைத்த மாதிரி ஒட்டியிருப்பார்கள். அடி உருண்டையாக இருக்கும், கிளைகள் நேராக மேலே போகும், இரண்டுக்கும் நடுவில் ஒரு முழங்கை வீக்கம். காலப்போக்கில் தழும்பு மங்கும், வடிவம் மாறாது. இதை மாற்றக் கவாத்துச் செய்யலாமா என்றால் அங்கேயும் ஓர் எல்லை உண்டு. ஒட்டுக்குக் கீழே வெட்டினால் வாங்கிய பூ போய்விடும். அங்கிருந்து வருவது வேர்ச்செடியின் தளிர். விதைச்செடியை அடிவரை வெட்டிப் புதிதாகக் கிளைக்கவிடலாம், ஒட்டுச்செடியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களையும் பார்த்த அன்றே கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் வேர்ச்செடித் தளிர் முந்திக்கொண்டு வளர, ஒட்டிய கிளை மெலிந்துபோகும். வாங்கியபோது அடுக்குப்பூ பூத்தது, இப்போது ஒற்றைப்பூ பூக்கிறது என்று சொல்பவர்களின் செடியைப் பார்த்தால் காரணம் அநேகமாக இதுதான்.

அரளியின் மேல் அடீனியத்தை ஒட்டிய செடிகளும் உண்டு. ஈரத்தை அரளி வேர் கொஞ்சம் அதிகம் தாங்கும் என்பதற்காகச் செய்வது. பூ கிடைக்கும், ஆனால் காடெக்ஸ் அறவே கிடையாது. வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே பட்டையையும், தளிர் இருந்தால் அதன் இலையையும் பார்த்தால் தெரிந்துவிடும்: அரளி இலை குறுகி நீண்டிருக்கும், அடீனியம் இலை நுனிப்பக்கம் அகன்றிருக்கும்.

அடுக்குப்பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் நாட்களில் அதன் அழகுக்கு ஈடில்லை. தொடர்மழையில் ஒற்றைப்பூ தண்ணீரை உதறிவிட்டு நிற்கும். அடுக்குப்பூவில் இதழ்களுக்கு இடையே நீர் கோத்து, மொட்டு விரியாமலே அழுகி உதிரும். மழை அதிகம் உள்ள இடத்தில் திறந்தவெளியில் வைக்கப் போகிறவர்கள் ஒற்றைப்பூ வகைகளையே எடுப்பது நல்லது. கூரைக்கடியில் வெயில் படும் இடம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இதையெல்லாம் மீறி ஒட்டுச்செடிதான் சரி என்று நான் சொல்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட நிறத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள், ஒன்றிரண்டு செடிக்கு மட்டுமே இடமுள்ளவர்கள், பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள். வாங்கும்போது ஒட்டு முடிந்த அளவு தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். அடியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள்; கெட்டியாக இருக்க வேண்டும். இலையின் அடியிலும் கணுக்களிலும் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி, அந்தச் செடியை விட்டுவிடலாம்.

அழுகல், பூச்சி, விஷம்

மூன்று வழிக்கும் பொதுவானவை இவை. அடி மெதுமெதுவென்று ஆனால் உடனே தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. தாகத்திலும் மெத்தென்று ஆகும், அழுகலிலும் ஆகும். தாகம் என்றால் சுற்றிலும் ஒரே சீராகச் சுருங்கியிருக்கும், மண் எலும்பாகக் காய்ந்திருக்கும், தண்ணீர் விட்டால் ஓரிரு நாளில் இறுகும். அழுகல் என்றால் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழும், நிறம் கருக்கும், மண்ணில் ஈரம் இருந்தும் இலை மஞ்சளாகி உதிரும். அப்போது செடியை வெளியே எடுத்து, பழுப்பு தெரியாத வெள்ளைச் சதை வரும்வரை செதுக்கி, காயவைத்துத்தான் திரும்ப நட வேண்டும். பருத்த அடியுள்ள விதைச்செடி இந்த அறுவைக்குப் பிறகும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். செதுக்குவதற்குச் சதை இருக்கிறது. கட்டிங்கில் அந்த இடமே கிடையாது.

கோடையில் இலைகள் மங்கிப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி குறையும். ஒரே இரவில் கிளை மொட்டையானால் அரளிச்செடியைத் தின்னும் பெரிய பச்சைப் புழுவைத் தேடுங்கள். தலைக்குப் பின்னால் நீலக் கண்கள் இரண்டு வரைந்த மாதிரி இருக்கும். கையால் எடுத்துவிட்டால் போதும்.

இதன் பால் விஷம். இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருட்கள் அதில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்பு முனைகளில் தடவப் பயன்பட்ட பால் இது. வெட்டும் வேலை எதுவானாலும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது, பிளேடைக் கழுவிவிட வேண்டும். இலையைக் கடிக்கும் வயதுக் குழந்தையோ, செடியைக் கடிக்கும் செல்லப்பிராணியோ வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு செடி பார்க்க வேண்டும். இதில் ஒட்டுக்கட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பால் அதிகம் கையில் படுவது அந்த வேலையில்தான்.

இரண்டையும் சேர்த்தால்

விதையா ஒட்டா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்த வழி இது: முதல் வருடம் இருபது முப்பது விதை போடுங்கள். அதில் தேறுகிறவற்றை ஒன்றுவிடாமல் ஒரு பூவாவது பூக்கும்வரை வளர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளர்வதைப் பார்க்கும்போதே தண்ணீர், வெயில், மண் பற்றியெல்லாம் புத்தகம் இல்லாமலே கைவந்துவிடும். பூத்தபிறகு மூன்று வகையாகப் பிரியும். பூவும் அடியும் நன்றாக வந்தவை அப்படியே இருக்கட்டும். அடி சுமாராக, பூ அருமையாக வந்ததில் இருந்து ஒட்டுக்குச்சி எடுக்கலாம். அடி அருமை, பூ சாதாரணம் என்றால் அதுதான் உங்கள் வேர்ச்செடி.

இப்படிச் செய்யும் ஒட்டில், வாங்கும் ஒட்டுச்செடியின் வடிவக் குறை இருக்காது. அடியின் வடிவத்தைப் பார்த்து, எந்தக் கிளையில், எவ்வளவு தாழ்வில் கட்டுவது என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். செடி நன்றாகத் தளிர்விட்டு ஓடும் வெயில் காலத்தில், மழை இல்லாத ஒரு வாரம் பார்த்துச் செய்யுங்கள். வேர்ச்செடியின் கிளையும் ஒட்டுக்குச்சியும் ஒரே பருமனில் இருந்தால் வேலை எளிது. புது பிளேடால் இரண்டையும் தட்டையாக வெட்டி, வடியும் பாலை ஒற்றியெடுத்து, பட்டைக்கு உள்ளே தெரியும் பச்சை வளையம் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்தும்படி வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே சின்னப் பாலிதீன் பை கவிழ்த்துவிட வேண்டும். ஒட்டுக்குச்சியில் இலை இருக்கக் கூடாது. நிழலில் வையுங்கள், வெட்டுவாயில் தண்ணீர் படவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பையை முதலில் முனையில் ஓட்டை போட்டு, இரண்டு நாள் கழித்து முழுதாக எடுக்கலாம். குச்சி சுருங்கிக் கருத்தால் பிடிக்கவில்லை; அதற்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டு மறுபடி முயலலாம்.

எல்லாக் கிளையிலும் ஒரே நாளில் கட்டிவிட வேண்டாம். ஒரு கிளையாவது இலையோடு தொடாமல் இருக்கட்டும். ஒட்டு பிடிக்கும்வரை வேருக்கு உணவு அனுப்ப அந்த இலைதான் இருக்கிறது, பிடிக்காமல் போனாலும் செடி அதை வைத்துக்கொண்டு தேறிவிடும். ஒட்டு நன்றாக ஓட ஆரம்பித்தபின் அந்தக் கிளையை வெட்டுவதா, பழைய பூவும் ஓரமாக ஒன்றிரண்டு பூக்கட்டும் என்று விடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் விட்டுவிடுவேன்.